ஜப்பான்காரருக்கு விக்கப் போறீங்களா? கம்பெனி பேரை முதல்ல கத்தக்கானாவுல எழுதிப் பாருங்க



கரூர்ல இருந்து துண்டு, சென்னிமலையில இருந்து பெட்ஷீட், திருப்பூர்ல இருந்து பனியன், நம்ம ஈரோட்டுல இருந்து மஞ்சள்னு ஜப்பானுக்கு அனுப்பறவங்களும் அனுப்ப ஆசைப்படறவங்களும் இப்ப நம்ம அந்தியூர் ஆபீஸ் பக்கம் வர்றாங்க. அதுல சிலபேரு அங்கேயே ஒரு கம்பெனி போட்டு, ஜப்பான் கஸ்டமரை நேரடியா பிடிக்கலாம்னு யோசிக்கறாங்க. முதலீடு, விசா, வரி எல்லாம் ஒரு மணி நேரம் விசாரிப்பாங்க. பேரைப் பத்தி மட்டும் ஒரே வரிதான்: "நம்ம பழைய பேரே இருக்கட்டும்ங்க."

இருக்கலாம். ஆனா அந்தப் பேரு ஜப்பான்ல என்னவா மாறுதுன்னு ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இது ஜோசியம், நியூமராலஜி விஷயம் இல்லை, காசு விஷயம். அங்க பதிவு, பேங்க் கணக்கு, சரக்கு மேல ஒட்டற லேபிள், டிரேட்மார்க் எல்லாமே அந்தப் பேர் மேலதான் உக்காருது. பின்னாடி மாத்தணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா செலவு.

உங்க பேரு அங்க இங்கிலீஷ்ல இருக்காது

நம்மாளுங்க பேர் வைக்கறப்ப தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் போடுவோம். ஜப்பான்காரர் அந்த இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பாத்து, கத்தக்கானாங்கற எழுத்துல திருப்பி எழுதுவார். வெளிநாட்டுப் பேரெல்லாம் அந்த எழுத்துலதான் எழுதுவாங்க. அதுல சில குணம் உண்டு. ல, ள, ழ, ர எல்லாமே ஒரே 'ர'. 'வ' பெரும்பாலும் 'ப' சத்தமா (பாம்புல வர்ற ப இல்லை, 'பஸ்'ல வர்ற ப) மாறிடும். 'ன்' தவிர வேற எந்த மெய்யெழுத்துலயும் வார்த்தை முடியாது, பின்னாடி ஒரு உயிர் ஒட்டிக்கும். வேல்னு வெச்சீங்கன்னா கடைசியில அது 'பேரு'ன்னு வந்து நிக்கும், அர்த்தம் முகத்திரை. குறிலா எழுதினா 'பெரு', அப்ப அது மணி, கோயில் மணி.

நம்ம ஊரையே எடுத்துக்கங்க. ஈரோடுங்கறதுக்கு நாம வெச்சிருக்கற இங்கிலீஷ் ஸ்பெல்லிங், இங்கிலீஷ்ல படிச்சாலே 'அரிச்சுப் போறது'ன்னு அர்த்தம் தரும். அதை ஒரு ஜப்பான்காரர் எழுத்துக்கூட்டிப் படிச்சா 'எரோ'ன்னு ஆரம்பிக்கும். 'எரோ'ங்கறது அங்க ஆபாசம்ங்கற அர்த்தத்துல எல்லாரும் சொல்ற பேச்சு வார்த்தை. மஞ்சப் பாக்கெட் மேல அது நமக்கு வேண்டாம். ஆனா அதே ஊர்ப் பேரை நாம உச்சரிக்கற மாதிரி முதல் எழுத்தை நீட்டி 'ஈரோ-தோ'ன்னு கத்தக்கானாவுல எழுதிக் குடுத்தீங்கன்னா, அது 'ஈ-ரோடு'ன்னு ஏதோ இன்டர்நெட் கம்பெனி மாதிரி கௌரவமா இருக்கும். ஊரு ஒண்ணுதான். எழுதற விதத்துல ஒண்ணு அசிங்கம், ஒண்ணு சுத்தம்.

நான் சொல்ல வர்றது முழுக்க இதுக்குள்ள இருக்கு. உங்க பேரு கத்தக்கானாவுல எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற உரிமை உங்களுக்குத்தான். நீங்க முடிவு பண்ணலைன்னா பையர் ஆபீஸ்ல இருக்கற ஒரு கிளார்க் அவருக்குத் தோணின மாதிரி எழுதி சிஸ்டத்துல ஏத்திடுவார்.

இன்னும் சில பேரைப் பாப்போம். நம்ம பக்கம் கம்பெனி பேர்ல பாதி 'ஸ்ரீ'ன்னுதான் ஆரம்பிக்கும். இலங்கையை அவங்க 'ஸுரிரங்கா'ன்னு எழுதறாங்க, அதே வழியில 'ஸுரி'ன்னு தனியா எழுதினா ஜப்பான் மொழியில பிக்பாக்கெட் திருடன். நாடு பேர்ல வர்றப்ப யாரும் சிரிக்கறதில்லை, தெரிஞ்ச பேரு. ஆனா முன்னப்பின்ன கேக்காத கம்பெனியோட முதல் வார்த்தையா அது வரவேண்டாம். 'ஷுரீ'ன்னு எழுதினா பிரச்சினை தீந்தது, சாமி பேர்லயும் கை வைக்க வேண்டியதில்லை.

கண்ணன்: 'கன்னன்'ங்கற உச்சரிப்புல அங்க ஒரு வார்த்தை இருக்கு, கஷ்டம் துன்பம்னு அர்த்தம். அம்மன்: உள்ள இனிப்புப் பயறு வெச்சு ஆவியில வேகவெச்ச பன்னுக்கு அந்தப் பேரு. நிலா: 'நிரா'ன்னு ஆகும், அது பூண்டு வாசம் அடிக்கற ஒரு கீரை. பாலா: குறிலா எழுதினா ரோஜாப்பூ, பரவாயில்லையே! அன்னை: 'அன்னை'ன்னா அங்க வழிகாட்டறது, தகவல் சொல்றதுன்னு அர்த்தம், ரயில்வே ஸ்டேஷன் பூரா அந்த வார்த்தை போர்டுல இருக்கும். 'அன்னை'ன்னு கம்பெனி வெச்சிருக்கறவங்க அதிர்ஷ்டக்காரங்க. கொங்குன்னு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு சேதி. கிங் காங் படத்தை ஜப்பான்காரங்க 'கிங்கு கொங்கு'ன்னுதான் சொல்றாங்க. ஒரு சத்தம்கூட மாறாது.

நம்பர் சேக்கறவங்க 4, 9 ரெண்டையும் தவிருங்க. 4-க்கு 'ஷி'ங்கற சத்தம் சாவையும், 9-க்கு 'கு'ங்கற சத்தம் வேதனையையும் ஞாபகப்படுத்தும்.

இங்கிலீஷ் எழுத்துலயே வெச்சுட்டா தப்பிச்சிரலாம்னு நினைக்காதீங்க. 2014-ல ஜப்பான் அரசாங்கமே பெண்கள் முன்னேற்றத்துக்கு 'ஷைன்'னு இங்கிலீஷ்ல தலைப்பு வெச்சு ஒரு பக்கம் ஆரம்பிச்சது. பிரகாசிக்கணும்ங்கற நல்ல எண்ணம்தான். அந்த அஞ்சு எழுத்தை ஜப்பான் முறைப்படி கூட்டிப் படிச்சா 'ஷினே', அதாவது 'செத்துப் போ'. ஊரே கிண்டல் பண்ணுச்சு. சொந்த மொழிக்காரங்களுக்கே இப்படி ஆகுதுன்னா நாம கொஞ்சம் நிதானிக்கறது நல்லது.

அதுக்காக ரொம்பப் பயப்படவும் வேண்டாம்

தென்னிந்தியப் பேரோட டோக்கியோவுல நின்னு ஜெயிச்ச ஒரு கடை இருக்கு. திருவனந்தபுரத்துல பிறந்த ஏ.எம்.நாயர், 1928-ல படிக்கறதுக்கு ஜப்பான் போனவர். சுதந்திரப் போராட்டத்துல ராஷ் பிஹாரி போஸோட சேந்து வேலை செஞ்சவர். 1949-ல டோக்கியோ கின்சாவுல 'நாயர் ரெஸ்டாரன்ட்' ஆரம்பிச்சார். கத்தக்கானாவுல நாயர்ங்கறது 'நைரு'ன்னு ஆச்சு. நைல் நதியையும் ஜப்பான்ல அப்படியேதான் எழுதறாங்க. இந்தியச் சாப்பாட்டுக்கும் எகிப்து நதிக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கடையை விட்டு ஓடலை. மூணு தலைமுறையா கடை ஓடுது.

அது ஏன் ஓடுச்சுன்னு எனக்குத் தோணறது இதுதான். பேரு சின்னது. எல்லாருக்கும் ஒரே மாதிரி படிக்க வரும். ஏற்கனவே தெரிஞ்ச ஒரு வார்த்தையோட ஒத்துப்போனதால மறக்கவும் மறக்காது. வேற அர்த்தம் இருக்கறது தப்பில்லை, அந்த அர்த்தம் திருடனாவோ துன்பமாவோ இல்லாம இருந்தாப் போதும்.

எதிர்த் திசையில வந்தவங்களையும் பாருங்க. கால்பிஸ்னு ஒரு பால் பானம், 1919-ல இருந்து ஜப்பான்ல விக்கறாங்க. 'கால்' கால்சியத்துல இருந்தும், 'பிஸ்' நம்ம சமஸ்கிருத 'சர்பிஸ்' (நெய்) வார்த்தையில இருந்தும் எடுத்தது. அமெரிக்கா போனப்ப அது இங்கிலீஷ் காதுக்கு மாட்டு மூத்திரம் மாதிரி விழுந்துச்சு. அங்க 'கால்பிகோ'ன்னு மாத்தி விக்கறாங்க. ஜப்பான்ல பழைய பேரை விடலை. கெனான் கேமரா கதை இன்னும் நமக்கு நெருக்கம். 1934-ல முதல் கேமராவுக்கு வெச்ச பேரு 'குவானன்', கருணைக்கான பௌத்த தெய்வத்தோட பேரு. உலகம் பூரா விக்கணும்னு வந்தப்ப 1935-ல அதை 'கெனான்'னு ஆக்கி டிரேட்மார்க் போட்டாங்க. கம்பெனியோட பேரை கெனான்னு மாத்தினது 1947-ல. சாமி பேரை மாத்தறதான்னு தயங்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாம். சத்தத்தைக் கொஞ்சம் திருப்பினாங்க, விட்டுடலை.

சோனியும் அப்படித்தான். டோக்கியோ சூஷின் கோக்யோங்கற பேரோட இருந்த கம்பெனி, 1955-ல ரேடியோ மேல சோனின்னு போட்டு விக்க ஆரம்பிச்சு, 1958-லதான் கம்பெனி பேரையே சோனின்னு மாத்துச்சு. நம்ம ஸ்ரீதர் வேம்புவோட கம்பெனி 'அட்வென்ட்நெட்'. 2005-ல ஜோஹோங்கற பிராண்டை விட்டாங்க, 2009-ல கம்பெனிக்கே அந்தப் பேரை வெச்சாங்க. இன்னைக்கு யோகோஹாமாவுல 'ஸோஹோ ஜப்பான்'னு கத்தக்கானாவுல பேர் வெச்சு கம்பெனி நடக்குது. ரெண்டே சத்தம், போன்ல ஒரு தடவை சொன்னாப் போதும்.

இந்த மூணு பேரும் பிராண்டை முதல்ல சந்தையில விட்டுப் பாத்துட்டு, அப்புறம்தான் சட்டப்படியான பேரைத் தொட்டாங்க. நானும் பெரும்பாலான கிளையன்ட்டுக்கு அதையேதான் சொல்றேன்.

ஜப்பான் சட்டம் என்ன சொல்லுது?

முதல்லயே சொல்லிடறேன். நான் இந்தியாவுல பிராக்டிஸ் பண்ற ஆடிட்டர். ஜப்பான்ல கம்பெனி பதிவுக்கு 'ஷிஹோ ஷோஷி'ன்னு தனி உரிமம் வாங்கினவங்க இருக்காங்க, டிரேட்மார்க்குக்கு 'பென்ரிஷி'. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்டப் போகணும். அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போறதுக்குத்தான் இந்தப் பகுதி.

கம்பெனி பேர்ல அதோட வகை கட்டாயம் இருக்கணும். நம்ம பிரைவேட் லிமிடெட் மாதிரி அங்க கபுஷிகி கைஷா, நம்ம எல்எல்பிக்கு கொஞ்சம் பக்கத்துல வர்ற மாதிரி கோதோ கைஷா. அதைப் பேருக்கு முன்னாடியும் வைக்கலாம், பின்னாடியும் வைக்கலாம். ஆனா வெச்சதை மாத்தி எழுதினா வேற கம்பெனி மாதிரி ஆயிடும், அதனால அங்க "முன்னாடியா பின்னாடியா?"ன்னு கேட்டுட்டுத்தான் இன்வாய்ஸ் போடுவாங்க. கோதோ கைஷா மலிவு. அமேசானும் கூகுளும்கூட ஜப்பான்ல கோதோ கைஷாதான். ஆனா அவங்களை எல்லாருக்கும் தெரியும், உங்களைத் தெரியாது. பழைய மொத்த வியாபாரிங்ககிட்ட விக்கறதா இருந்தா கபுஷிகி கைஷாவுக்கு ஒரு மரியாதை இருக்குங்கறது என் அபிப்பிராயம்.

எழுத்து விஷயத்துல, ஜப்பான் எழுத்துகளோட இங்கிலீஷ் எழுத்து, 1 2 3 எண்கள், புள்ளி, கோடு, '&' மாதிரி ஆறு குறியீடுகளை 2002 நவம்பர் 1-ல இருந்து அனுமதிக்கறாங்க. தமிழ் எழுத்து முடியாது. இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு நடுவுல தவிர வேற எங்கயும் இடைவெளி விடக்கூடாது, கத்தக்கானாவா இருந்தா நடுப்புள்ளி வைக்கணும். 'வங்கி', 'இன்சூரன்ஸ்' மாதிரி வார்த்தையெல்லாம் லைசென்ஸ் இல்லாம போட முடியாது. 2018 மார்ச்ல இருந்து பதிவு விண்ணப்பத்துல பேரோட உச்சரிப்பையும் கத்தக்கானாவுல எழுதிக் குடுக்கணும். அந்த உச்சரிப்பு வரித்துறையோட 13 இலக்கக் கம்பெனி எண் இணையதளத்துல எல்லாரும் பாக்கற மாதிரி வரும். அதனால இங்கிலீஷ் எழுத்துல பதிவு பண்ணினாலும் கத்தக்கானாவுல இருந்து தப்பிக்க முடியாது.

பேங்க்லயும் அதேதான். ஜப்பானுக்குள்ள பணம் அனுப்பறப்ப வாங்கறவர் பேரை கத்தக்கானாவுலதான் அடிக்கறாங்க. கபுஷிகி கைஷாவுக்கு 'கா'ன்னு சுருக்கம், கோதோ கைஷாவுக்கு 'தோ'. கஸ்டமர் உங்க பேரை ஒரு மாதிரி எழுதி, பேங்க்ல வேற மாதிரி இருந்துச்சுன்னா பணம் திரும்பிப் போகும். முதல் ஆர்டர்லயே இது நடந்தா கஸ்டமர் என்ன நினைப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்ப நம்மாளுங்க ரொம்பத் தப்பாப் புரிஞ்சுக்கற இடத்துக்கு வர்றேன். இந்தியாவுல கம்பெனிகள் சட்டம் 4(2) பிரிவுப்படி, ஏற்கனவே இருக்கற பேரை ஒத்த பேரை எம்சிஏ குடுக்காது. அதனால "பேர் அப்ரூவல் ஆயிடுச்சு, அப்ப பேர் நம்முளுது"ன்னு ஒரு நினைப்பு நமக்கு ஊறிப்போச்சு. ஜப்பான்ல 2006 மே மாசம் புதுக் கம்பெனிச் சட்டம் வந்ததுல இருந்து, அதே பேரும் அதே முகவரியும் சேந்து இருந்தாத்தான் பதிவு மறுப்பாங்க. பக்கத்துக் கட்டடத்துல அதே பேர்ல ஒரு கம்பெனி இருந்தாலும் உங்க பதிவு நடந்துடும்! அந்தக் கம்பெனி அப்புறம் கோர்ட்டுக்குப் போகலாம். இன்னொரு கம்பெனின்னு ஏமாத்தற நோக்கத்துல பேர் வைக்கறதை அந்தச் சட்டத்தோட 8-வது பிரிவு தடுக்குது, நியாயமற்ற போட்டித் தடுப்புச் சட்டமும் இருக்கு. பதிவு ஆனதை வெச்சு பேரு பாதுகாப்பா இருக்குன்னு நினைக்காதீங்க.

அசல் பாதுகாப்பு டிரேட்மார்க்

ஜப்பான்ல யாரு முதல்ல விண்ணப்பிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் டிரேட்மார்க். நம்ம ஊர்ல "நான் இருபது வருஷமா இந்தப் பேர்ல விக்கறேன்"னு சொன்னா அதுக்கு மதிப்பு உண்டு. அங்க ஜப்பான் கஸ்டமருங்களுக்கு நடுவுல நீங்க நல்லாப் பிரபலம்னு நிரூபிச்சாத்தான் அந்த வாதம் எடுபடும். துண்டு அனுப்பற சின்னக் கம்பெனிக்கு அது நடக்கற காரியம் இல்லை. உங்க சரக்கை வாங்கி விக்கற டிஸ்ட்ரிபியூட்டரே உங்க பேரை அவர் பேர்ல போட்டுக்கிட்டா, நாளைக்கு நீங்க வேற ஆளுக்கு சப்ளை பண்றப்ப உங்க பேரே உங்களுக்கு எதிரா நிக்கும்.

இதுல ஜப்பானோட பெரிய கம்பெனியே மாட்டியிருக்கு. முஜின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சீனாவுல அவங்களுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனி, முஜியோட அதே நாலு எழுத்துப் பேரை 24-வது வகுப்புல போட்டுடுச்சு. 24-வது வகுப்புன்னா துண்டு, பெட்ஷீட், அதாவது கரூரும் சென்னிமலையும் செய்யற அதே சரக்கு. வழக்கு வருஷக்கணக்கா நடந்து, 2019-ல பெய்ஜிங் உயர் நீதிமன்றத்துல முஜி தோத்துச்சு. அவங்க சொந்தப் பேரை அந்தச் சரக்கு மேல அவங்களே சீனாவுல போட முடியலை. முஜிக்கு வக்கீல் வைக்கக் காசு இருந்துச்சு. நமக்கு?

செலவு ரொம்ப இல்லை. ஒரு வகுப்புக்கு ஜப்பான் காப்புரிமை அலுவலகத்துல விண்ணப்பக் கட்டணம் 12,000 யென், கிடைச்சதும் 10 வருஷத்துக்கு 32,900 யென். மொத்தம் 44,900 யென். ஒரு யென் 58 பைசான்னு வெச்சுக்கிட்டா 26,000 ரூபாய் சொச்சம். வெளிநாட்டுக்காரங்க அங்க இருக்கற பென்ரிஷி மூலமாத்தான் நேரடியா போடணும், அவர் ஃபீஸ் தனி. இல்லைன்னா மாட்ரிட் முறையில இங்க இருந்தே போடலாம், ஜப்பான் 2000-லயும் நாம 2013-லயும் அதுல சேந்துட்டோம். மாட்ரிட்ல ரெண்டு விஷயம் கவனிக்கணும். இந்திய விண்ணப்பத்துல என்ன எழுத்து இருக்கோ அதேதான் அங்கயும் போகும், இங்கிலீஷ்ல போட்டுட்டு அங்க கத்தக்கானா கேக்க முடியாது. முதல் 5 வருஷத்துக்குள்ள இந்திய விண்ணப்பம் விழுந்துட்டா ஜப்பான்ல இருக்கறதும் சேந்து விழும்.

போடறதுக்கு முன்னாடி 'ஜே-பிளாட்பேட்'ங்கற அவங்க அரசு இணையதளத்துல இலவசமா தேடலாம். அங்க ஒத்த உச்சரிப்பு வெச்சும் தேட வசதி இருக்கு, அதைக் கட்டாயம் பண்ணுங்க. இங்கிலீஷ்ல உங்க பேருக்கும் இன்னொருத்தர் பேருக்கும் ஒட்டே இருக்காது. கத்தக்கானாவுல ல-வும் ர-வும் ஒண்ணாகி, வ-வும் ப-வும் ஒண்ணாகி, ரெண்டும் இரட்டைப் பிள்ளையா நிக்கும்.

வகுப்பைச் சரியாப் பிடிங்க. துண்டு, பெட்ஷீட்டுக்கு 24, துணிமணிக்கு 25, தரையில விரிக்கற ஜமுக்காளத்துக்கு 27, மஞ்சத்தூளுக்கு 30. ஒரு முக்கியமான எச்சரிக்கை: 'பவானி ஜமுக்காளம்', 'ஈரோடு மஞ்சள்' ரெண்டும் புவிசார் குறியீடு வாங்கினது. அதைத் தனி ஒரு கம்பெனியோட டிரேட்மார்க்கா எடுத்துக்க நம்ம சட்டமே விடாது. சரக்கோட பேரா லேபிள்ல போடுங்க (முறைப்படி பயன்படுத்துநரா பதிவு பண்ணிட்டு), கம்பெனி பேரா கனவு காணாதீங்க.

எந்த வழியில போறீங்களோ அதைப் பொறுத்து

இங்க இருந்தே ஏற்றுமதி பண்றவங்களுக்கு நான் சொல்றது: சட்டப்படியான பேரைத் தொடாதீங்க. ஐஇசி, ஜிஎஸ்டி, பேங்க், இந்தியா-ஜப்பான் ஒப்பந்தத்துல வரிச்சலுகை வாங்கறதுக்கான ஒரிஜின் சர்டிபிகேட் எல்லாம் ஒரே பேர்ல ஓடுது. அதை மாத்தணும்னா சிறப்புத் தீர்மானம், எம்ஜிடி-14, ஐஎன்சி-24ன்னு ஆரம்பிச்சு, 2 வருஷத்துக்குப் பழைய பேரையும் லெட்டர்பேட்ல சேத்துப் போடணும். அதுக்குப் பதிலா ஜப்பானுக்குன்னு ஒரு சின்ன பிராண்ட் பேர் தேர்ந்தெடுத்து, டிரேட்மார்க் போட்டு, லேபிள்லயும் அட்டைப்பெட்டியிலயும் அடிங்க. இன்வாய்ஸ்ல பழைய பேரே இருக்கட்டும், கூடவே நீங்க முடிவு பண்ணின கத்தக்கானாவை அடியில ஒரு வரியா போட்டுடுங்க. இதுக்கு ஆகற செலவு டிரேட்மார்க் செலவு மட்டும்தான்.

அங்க கிளை திறக்கறவங்க உஷாரா இருக்கணும். கிளைக்குன்னு தனிப் பேர் கிடையாது, இந்தியக் கம்பெனியோட முழுப் பேரையும்தான் பதிவு பண்ணணும். உதாரணத்துக்கு 'ஸ்ரீ கண்ணன் டெக்ஸ்டைல்ஸ் பிரைவேட் லிமிடெட்'னு வெச்சுக்கங்க. கத்தக்கானாவுல நடுப்புள்ளிகளோட சேத்து 30 எழுத்து வருது. இதைப் போன்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும். பின்னாடி ஜப்பான் கிளை வைக்கிற எண்ணம் இருக்கறவங்க, இங்க எம்சிஏவுல பேர் போடறப்பவே சுருக்கமா போட்டுக்கறது நல்லது.

தனிக் கம்பெனி போட்டு நீங்களே அங்க போய் நடத்தப் போறீங்கன்னா, முதல்ல ஒரு அதிர்ச்சி. தொழில் நடத்தறவங்களுக்கான விசாவுக்கு முன்ன 50 லட்சம் யென் முதலீடு போதும். 2025 அக்டோபர் 16-ல இருந்து அது 3 கோடி யென். அதே 58 பைசா கணக்குல 1 கோடியே 74 லட்சம் ரூபாய். கூடவே முழுநேர ஊழியர் ஒருத்தர், ஜப்பான் மொழி நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தர், உங்களுக்கு நிர்வாக அனுபவமோ மேல்படிப்போ, நிபுணர் சரிபாத்த தொழில் திட்டம்னு நிபந்தனை. இங்க இருந்து தனிநபரா அந்தப் பணத்தை அனுப்பினா, வருஷத்துக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பும், 10 லட்சத்துக்கு மேல 20% டிசிஎஸ்ஸும் இருக்கு. டிசிஎஸ் மட்டுமே 30 லட்சத்தைத் தாண்டி முடங்கும். (திரும்பக் கிடைக்கும், ஆனா அதுவரைக்கும் வட்டி யாரு கட்டறது? இதுக்குத் தனி வீடியோ போடறேன்.)

இவ்வளவு பணம் போடற இடத்துல பேருக்கு ஆகற செலவு சில்லறை. 3 கோடி யென் முதலீட்டுல கபுஷிகி கைஷா போட்டா பதிவு வரி 0.7%, அதாவது 2,10,000 யென், நோட்டரிக்கு 50,000 யென். பேரை மட்டும் பின்னாடி மாத்தினா பதிவு வரி 30,000 யென்தான். கேக்கறதுக்குக் கம்மி. ஆனா கம்பெனி முத்திரை, பேங்க், வரி அலுவலகம், கஸ்டமர் ஒவ்வொருத்தரோட சப்ளையர் பட்டியல், எல்லாம் மாறணும். ஜவுளி லேபிள்ல பொறுப்பேத்துக்கற கம்பெனியோட பேரும் முகவரியோ போன் நம்பரோ இருக்கணும்ங்கறது அவங்க சட்டம். நீங்களே இறக்குமதி பண்ணினா கிடங்குல இருக்கற ஒவ்வொரு துண்டுலயும் உங்க பழைய பேரு தொங்கிக்கிட்டு இருக்கும். அதைப் பிரிச்சுத் தைக்க ஜப்பான் கூலியில ஆள் வைக்கணும்.

ஜப்பான் பேராவே ஒண்ணு வெச்சுக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க. எனக்கு அது பிடிக்கலை. வேற நாட்டுச் சரக்கைத் தன் நாட்டுச் சரக்குன்னு தோண வைக்கறதை அங்க தனிச் சட்டமே தடுக்குது. சட்டத்தை விடுங்க, பேரைப் பாத்து ஜப்பான் கம்பெனின்னு நினைச்சுப் போன் பண்றவர், எடுத்ததும் நம்ம குரலைக் கேட்டா கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்வார். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனர் ஷோஜிரோ இஷிபாஷி 1931-ல தன் குடும்பப் பேரை (கல் பாலம்) இங்கிலீஷ்ல திருப்பிப் போட்டு வெச்சார். அது வேஷம் இல்லை, அவர் பேரேதான். அந்த மாதிரி உங்க பேர்லயே இருக்கற ஒரு நல்ல சத்தத்தை, ரெண்டு மூணு எழுத்தா எடுத்து வெச்சுக்கங்க. பெரிய பேரை அவங்களே சுருக்கிடுவாங்க. ஸ்டார்பக்ஸ் 'ஸுதபா' ஆச்சு, ஃபேமிலிமார்ட் 'ஃபமிமா' ஆச்சு. நீங்களே சுருக்கிக் குடுத்துட்டா நல்லதுதானே.

பதிவுக்கு முன்னாடி ஒரு சோதனை

இதுக்கு ஒரு பைசா செலவில்லை. மூணு பேரைத் தேர்ந்தெடுத்து வெச்சுக்கங்க. ஜப்பான் மொழி தாய்மொழியா இருக்கற ஒருத்தரைப் பிடிங்க, உங்க பையர் ஆபீஸ்ல இருக்கற பொண்ணோ பையனோ போதும். ஆள் கிடைக்கலைன்னா சென்னையில ஜப்பான் மொழி சொல்லித் தர்ற ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை மாதிரி இடத்துல விசாரிங்க, வழி கிடைக்கும். பேரை எழுதிக் காட்டாதீங்க, போன்ல ஒரு தடவை சொல்லுங்க. கேட்டதை கத்தக்கானாவுல எழுதச் சொல்லுங்க. அடுத்து, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மட்டும் இன்னொருத்தருக்கு அனுப்பி அவரையும் எழுதச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா அந்தப் பேரு தாங்கும். வேற வேற வந்தா ஸ்பெல்லிங்கை மாத்துங்க, இல்லை பேரை மாத்துங்க.

அப்புறம் பேருக்குப் பின்னாடி 'சான்' சேத்துச் சொல்லச் சொல்லுங்க. அங்க ஆளுக்கு மட்டும் இல்லை, கம்பெனிக்கும் 'சான்' போட்டுத்தான் பேசுவாங்க, நம்ம பக்கம் எல்லாத்துக்கும் 'ங்க' போடற மாதிரி. சொல்றப்ப அவர் முகத்துல லேசா ஒரு சிரிப்பு வந்தா ஏன்னு கேளுங்க. மரியாதைக்காக "ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்லுவார். ரெண்டாவது தடவையும் கேளுங்க.